ஏங்கிப்போன பிள்ளை

அன்புள்ள அக்கா,

வடமராட்சியில் ஒரு முன்பள்ளியில் மூன்று வருடமாகப் படிப்பிக்கிறேன். இருபத்திரண்டு பிள்ளைகள். நானும் உதவிக்கு ஒரு தங்கச்சியும். இந்தத் தை மாதம் சேர்ந்த ஒரு பெண்பிள்ளையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நாலு வயது. தாய் மார்கழியில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டா. அம்மம்மாதான் கொண்டுவந்து விடுகிறா. முதல் இரண்டு கிழமை படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் ஊஞ்சலைப் பார்க்கிற நேரம் பார்த்து அம்மம்மா நழுவிவிடுவா. பிறகு அழுகை நின்றுவிட்டது. நாலு மாதமாக ஒரு சொல் பேசவில்லை. பாட்டுக்குக்கூட வாய் அசையாது. வீட்டில் நல்லாய்க் கதைப்பாளாம். தாயின் பழைய நைற்றியில் கிழித்த ஒரு துண்டை எப்போதும் கையில் வைத்திருப்பாள். ஊத்தை என்று பொறுப்பாசிரியை அதை வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டா. "அழாத பிள்ளைதானே, தானாய்ச் சரிவரும்" என்கிறா. மற்றத் தாய்மார் எப்ப எழுதப் பழக்குவியள் என்று கேட்கினம். எனக்கு இரவில் நித்திரை வருவதில்லை. நான் என்ன செய்ய?

(பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சி,

"பிறகு அழுகை நின்றுவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பள்ளியில் எல்லாருக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு அந்த இடத்தில்தான் நெஞ்சு பதறியது.

1940களின் பிற்பகுதியில் லண்டனில் ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர், ஆஸ்பத்திரியில் தனியே விடப்பட்ட சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் இருந்து கவனித்தார். தாய் தகப்பனை வார்ட்டுக்குள் விடுவதே அப்போது அங்கே அருமை. பிள்ளை முதலில் கத்தி அழுதது. பிறகு சோர்ந்து சுருண்டது. அதற்கும் பிறகு தாதிமாரோடு சிரித்தது, கொடுத்ததைச் சாப்பிட்டது. ஆனால் தாய் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிள்ளை பழகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். றொபேட்சனும், அவரோடு வேலை செய்த உளமருத்துவர் ஜோன் போல்பியும் அதை மறுத்தார்கள். இனி வரமாட்டா என்று பிள்ளை தனக்குள் முடிவுகட்டிவிட்டது என்றார்கள். அவர்கள் சொன்னது லேசில் எடுபடவில்லை. பிள்ளைகளைப் பார்க்கத் தாய் தகப்பனை எந்நேரமும் விடவேண்டும் என்று அங்கே ஓர் அரசாங்கக் குழு பரிந்துரைக்க 1959 ஆகிவிட்டது.

எங்கள் கிழவிகள் இதை ஒரே சொல்லில் சொல்வார்கள்: "பிள்ளை ஏங்கிப்போச்சு." தாயைப் பிரிந்த பிள்ளைக்குக் காய்ச்சல் காய்ந்தால், மருந்து கொடுத்தாலும், ஏக்கக் காய்ச்சல் என்று சொல்லித் திருநீறு போடுவார்கள், நூல் கட்டுவார்கள். அதோடு விடமாட்டார்கள். வீட்டில் யாரோ ஒருத்தி எல்லா வேலையையும் போட்டுவிட்டு அந்தப் பிள்ளையை மடியில் வைத்திருப்பாள். பிள்ளையைத் தேற்றியது அந்த மடிதான் என்பது என் எண்ணம். உங்கள் பிள்ளை ஏங்கிப்போன பிள்ளை. முன்பள்ளியில் அவளுக்கு அந்த மடி நீங்கள்தான்.

ஆனால் அதற்கு முதல் படலையடியைச் சரிசெய்யவேண்டும். பிள்ளையைப் பேய்க்காட்டிவிட்டுப் போகிற பழக்கம் எங்களிடம் ஊறிக்கிடக்கிறது. "அங்க பார் காகம்" என்போம், அது திரும்பிப் பார்க்க நாங்கள் ஒழுங்கையால் இறங்கிவிடுவோம். சொன்னால் அழும் என்பது எங்கள் நியாயம். அழத்தான் செய்யும். ஆனால் சொல்லிவிட்டுப் போன ஆளுக்காக அழுகிற பிள்ளை, அந்த ஆள் திரும்பி வரும்போது ஒரு விஷயத்தைப் படித்துக்கொள்ளும்: போறவை வருவினம். நழுவிப் போனால் பிள்ளை படிப்பது வேறு. கண்ணை எடுத்தால் ஆள் இல்லாமல் போகும். பிறகு அது ஊஞ்சலையும் பார்க்காது, காகத்தையும் பார்க்காது. ஆளையே பார்த்துக்கொண்டு நிற்கும். தாய் எப்படிப் போனா என்று அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளை நித்திரையாய்க் கிடக்க விடியப்புறம் போயிருப்பா என்றுதான் எனக்குப் படுகிறது.

அம்மம்மாவைக் கோபிக்க வேண்டாம். எந்தக் காலத்தில் பிள்ளை வளர்த்தவர் என்று யோசியுங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு எழும்பி நடந்தபோது பிள்ளைகளுக்கு யாரும் எதையும் விளங்கப்படுத்தவில்லை. விளங்கப்படுத்த எங்களுக்கே ஒன்றும் தெரியாது. நானும் அந்த மழைக்குள் நடந்தவள்தான். அதன்பின் தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் பாய் விரித்து இருபது முப்பது பிள்ளைகளை வைத்திருந்தோம். அதில் ஒரு பெடியன் தகப்பனின் பழைய சாறத்தின் கரைத்துண்டை இரண்டு விரலுக்குள் வைத்து உரசிக்கொண்டே இருப்பான். தகப்பன் வீட்டைப் பார்க்கவென்று பின்தங்கியவர். துணியைக் கீழே வைத்தால்தான் எழுதலாம் என்று ஒருநாள் நான் அதைப் பறித்தேன். அவன் அழவில்லை. வெறும் விரல்களை உரசிக்கொண்டு என்னைப் பார்த்தான். உடனே திருப்பிக் கொடுத்தேன். இருந்தாலும் அதற்குப் பிறகு பல நாள் நான் கிட்டப் போகும்போதெல்லாம் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவான். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். அம்மம்மாவைக் காலையில் பத்து நிமிடம் உள்ளே வந்து இருக்கச் சொல்லுங்கள். போகும்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "அம்மம்மா வீட்ட போய்ச் சமைச்சுப்போட்டு, நீங்கள் கை கழுவிச் சாப்பிட்டு முடிய வருவன்" என்று சொல்லட்டும். மணிக்கணக்கு நாலு வயதுக்கு விளங்காது, சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் விளங்கும். சொன்ன நேரத்துக்கு வந்தே ஆகவேண்டும். அவர் போனதும் பிள்ளையை நீங்களே கையில் வாங்குங்கள். ஒருநாள் நீங்கள், ஒருநாள் மற்றத் தங்கச்சி என்று மாற்ற வேண்டாம்.

"அம்மா நாளைக்கு வருவா" என்று வீட்டில் சொல்கிறார்களா? அதை நிற்பாட்டுங்கள். நாளைக்கு வராத அம்மாவை அந்தப் பிள்ளை எத்தனை நாள் பொறுக்கும்? தாய் எங்கே, எதற்குப் போனா, எந்தப் பெரியநாளுக்குப் பிறகு வருவா என்று உள்ளதைச் சொல்லலாம். இங்கே காலை எட்டு மணி என்றால் குவைத்தில் ஐந்தரை. "அம்மா இப்பதான் எழும்பி முகம் கழுவுவா" என்று நீங்கள் காலையில் அவளுக்குச் சொல்லலாம். "அம்மாவை நினைக்க ஏக்கமாக் கிடக்குதோ" என்று கேட்கலாம். பதில் வராது, பரவாயில்லை. தனக்குள் கிடக்கிற அந்தப் பாரத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது ரீச்சருக்கும் தெரியும் என்று அவளுக்குப் பட்டாலே போதும். தாய் எடுக்கும்போது அலைபேசியில் அவவோடும் கதையுங்கள். பிள்ளையை விட்டுப் போட்டாள் என்று ஊர் சொல்வதை நான் ஒப்பமாட்டேன். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது என்று 2013இல் கட்டுப்பாடு கொண்டுவந்த அரசாங்கமே, நாடு நொடித்துப்போன 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. அவ ஆசைப்பட்டுப் போகவில்லை.

பேச்சைப் பற்றி. "சொல்லு, சொல்லு, சொன்னால் ரொபி தருவன்" என்று யாரும் நெருக்கக் கூடாது. வீட்டில் தாராளமாகக் கதைத்து வெளியில் வாய் திறக்காத பிள்ளை அடம்பிடிக்கவில்லை. பயத்தில் அதற்குத் தொண்டை இறுகிவிடுகிறது. பக்கத்தில் இருந்து நீங்கள் மண் அளையுங்கள், நீங்களே கதையுங்கள், கேள்வி கேட்காமல். தலையாட்டினால் அதையே பதிலாக எடுங்கள். முதல் சொல் காதுக்குள் குசுகுசுப்பாகத்தான் வரும். வந்தால் கைதட்டி ஊரைக் கூட்டிவிடாதீர்கள். புதுப் பள்ளிக்கு வந்த முதல் மாதத்தை விட்டுவிட்டு, அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் இப்படி இருந்தால் காட்டவேண்டும். உங்களுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது. குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலமாக முதலில் காதைச் சோதிப்பியுங்கள். பிறகு யாழ். போதனா வைத்தியசாலை உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. விசர் என்று ஊர் கதைக்கும் எனப் பயந்து வீட்டார் பின்வாங்குவார்கள். கூடப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு நீங்களே எடுத்தும் கேட்கலாம். வீட்டில் யாரும் அடிக்கிறார்கள், அல்லது அதைவிட மோசமாக ஏதும் நடக்கிறது என்று எப்போதாவது பட்டால் காத்திராமல் 1929க்கு எடுங்கள், அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையுடையது.

எழுதப் பழக்குவது பற்றிக் கேட்கிற தாய்மாருக்கு, தரம் ஒன்றில் எழுத்து வரும் என்று சொல்லிவிடுங்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது, எனக்கு அதில் உண்மையாகவே கோபம். வருட முடிவுக் கலைவிழாவில் முகப்பூச்சு கண்ணீரில் கரைய, பிள்ளையை மேடைக்குத் தள்ளிவிட்டுக் கீழே நின்று படம் எடுப்பதிலும் அதே கோபம்தான். உங்கள் பிள்ளையை இந்த வருடம் மேடையில் ஏற்ற விடவேண்டாம்.

நித்திரை வருவதில்லை என்று எழுதினீர்கள். முன்பள்ளி ரீச்சருக்குக் கிடைக்கிற கொடுப்பனவு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதை வாங்கிக்கொண்டு இருபத்திரண்டு பிள்ளைகளின் கவலையையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள். பக்கத்துப் பள்ளி ரீச்சர்மார் இரண்டு மூன்று பேரோடு மாதத்தில் ஒருநாள் இருந்து கதையுங்கள். உங்களுக்கும் ஒரு மடி வேணும்.

அந்த நைற்றித் துண்டு. திங்கட்கிழமை பொறுப்பாசிரியையிடம் தன்மையாகக் கேட்டு வாங்குங்கள். மற்றப் பிள்ளைகளும் கொண்டுவந்தால் கொண்டுவரட்டும், சுவரில் இருபத்திரண்டு ஆணி அடித்தால் போச்சு. பிள்ளையின் கையிலேயே கொடுத்து, இது உங்கட அம்மாவின்ர, ரீச்சர் இனி எடுக்கமாட்டன் என்று சொல்லுங்கள். ஊத்தையாய் இருக்கிறதென்று தோய்த்துக் கொடுக்க வேண்டாம், மணம் போய்விடும்.

அன்புடன்,
அக்கா