புது ஆம்ப் வாங்கும் முன்: வீட்டு ஸ்டீரியோ கேள்வி–பதில்

இந்த இதழுக்குக் குழித்துறை, செங்கோட்டை, கம்பம், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை என்று கேரள எல்லையையொட்டிய ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். மழையும் ஈரக்காற்றும் கூடுதலான பகுதி என்பதால் சில பதில்களில் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீடு. ஹால் 12க்கு 16 அடி, உயரம் 10 அடி, தரை முழுக்க டைல்ஸ். டிவி ஷோகேஸில் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்திருக்கிறோம். பாஸ் ‘கும் கும்’ என்று மோதுகிறது, பாட்டின் வார்த்தைகள் தெளிவாக விழவில்லை. கடைக்காரர் பெரிய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போட்டால் சரியாகும் என்கிறார். போடலாமா?
– வாசகர், குழித்துறை

பதில்: போட வேண்டாம். இதே குறை இன்னும் பலமாகக் கேட்கும், அவ்வளவுதான். முதலில் பெட்டிகளை ஷோகேஸை விட்டு வெளியே எடுங்கள். சுற்றிலும் பலகை அடைத்த தட்டுக்குள் பெட்டியை வைத்தால் பாஸ் பலகையில் பட்டுத் திரும்பித் திரும்பி வீங்கும். பலகையும் கூடச் சேர்ந்து அதிரும். அந்த வீக்கம்தான் வார்த்தைகளை மூடுகிறது.

பெட்டிகளை வைக்க ஸ்டாண்ட் வேண்டும். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஊர் வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் அடித்து வாங்கி, குழாய்க்குள் வெயிலில் நன்றாகக் காயவைத்த மணலை நிரப்பி மூடிவிடுங்கள். வெறும் குழாய் மணி போல ஒலிக்கும், மணல் அதை அடக்கும். ஈர மணலோ கடல் மணலோ போட்டால் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பெட்டிக்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் நாலு மூலையிலும் சைக்கிள் டியூப் துண்டு வைத்தால் போதும்.

ஸ்டாண்டின் உயரத்தை உங்கள் காதுதான் தீர்மானிக்க வேண்டும். வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, தரையிலிருந்து காது வரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 36 முதல் 40 அங்குலத்துக்குள் வரும். ட்வீட்டரின் (கூர்மையான ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கரின்) நடுப்புள்ளி அந்த உயரத்துக்கு வரவேண்டும். தரையில் பாய் விரித்துக் கேட்கிற வீடென்றால் ஸ்டாண்டைக் குட்டையாக அடிக்கச் சொல்லுங்கள், அல்லது பெட்டியின் முன்பக்க அடியில் கட்டை வைத்து முகத்தைச் சற்று மேலே தூக்குங்கள்.

அடுத்தது இடம். உங்கள் ஹாலில் 12 அடிச் சுவரோரம் பெட்டிகளை வைத்து, 16 அடி நீளத்தைப் பார்த்துப் பாட விடுங்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவில் 6 அடி. அப்படி வைத்தால் பக்கச் சுவர் 3 அடி தள்ளி இருக்கும். பின்சுவரிலிருந்து பெட்டியின் முகப்பு 2 அடி தள்ளி இருக்கட்டும். இந்த இரண்டு தூரமும் ஒன்றாகிவிடக் கூடாது. சுவரில் பட்டுத் திரும்பும் பாஸ், நேரே வரும் பாஸின் ஒரு பகுதியைத் தின்றுவிடும். 2 அடி தூரத்தில் 140 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 140 அதிர்வு) அருகிலும், 3 அடியில் 94 ஹெர்ட்ஸ் அருகிலும் அந்தப் பள்ளம் விழும். தூரங்கள் வேறுவேறாக இருந்தால் பள்ளங்கள் சிதறும். ஒன்றாக இருந்தால் ஒரே இடத்தில் குழி ஆழமாகிவிடும். பெட்டியை அறை மூலையில் ஒதுக்குவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

கேட்பவர் உட்காரும் இடமும் இதே அளவுக்கு முக்கியம். அறைக்கென்று ஒரு சொந்த ஒலி உண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1130 அடி போகும், அதை அறை அளவின் இரு மடங்கால் வகுத்தால் அது வரும். உங்கள் ஹாலில் நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 47, உயரத்துக்கு 56. மூன்றும் தள்ளித் தள்ளி இருப்பது நல்லது. 10க்கு 10 அறை, உயரமும் 10 என்றால் மூன்றும் 56லேயே குவிந்து, அந்த ஒரு சுரம் மட்டும் அறையையே அதிரவைக்கும். இந்த அலைகள் சுவரோரத்தில் உச்சமாகவும் அறையின் நட்ட நடுவில் மிகக் குறைவாகவும் இருக்கும். அதனால் சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், சரியாக நடுவிலும் போடாதீர்கள். பின்சுவரிலிருந்து 6 அடி முன்னால் போட்டுப் பாருங்கள்.

இப்போது நுணுக்கம். ஒரு ஆண் குரல், இசை கலக்காத பேச்சு, ரேடியோச் செய்தி போல ஏதாவது போடுங்கள். வாசிப்பவர் குடத்துக்குள்ளிருந்து பேசுவதாகத் தோன்றினால் இரண்டு பெட்டிகளையும் இரண்டு இரண்டு அங்குலமாக முன்னால் இழுங்கள். நெஞ்சு கனம் குறைந்து குரல் இயல்பாகும் இடத்தில் நிறுத்திவிட்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதற்கு மேலும் இழுத்தால் குரல் மெலிந்து சோகை பிடிக்கும். பிறகு ஒரு நூலை ட்வீட்டரிலிருந்து உங்கள் இருக்கையின் தலைச்சாய்வு வரை பிடித்து, மற்ற பெட்டிக்கும் அதே நூலைப் பிடித்துப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கடைசியாகப் பெட்டிகளை உங்கள் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரே புள்ளியில் நின்றால் போதும். கூசுகிற மாதிரி இருந்தால் திருப்பத்தைக் குறையுங்கள்.

டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் தருகிற எதிரொலி மிச்சம் இருக்கிறது. பெட்டிகளுக்கும் உங்களுக்கும் நடுவில் தடித்த ஜமக்காளம் விரியுங்கள். நீங்கள் உங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மெல்ல நகர்த்தட்டும். கண்ணாடியில் ட்வீட்டர் தெரியும் இடத்தில் புத்தக அலமாரியோ மடிப்பு மடிப்பான கனத்த திரையோ வந்தால் வார்த்தைகள் உடனே பளிச்சென்று விழும். முட்டை அட்டையைச் சுவரெல்லாம் ஒட்டச் சொல்வார்கள். அது உச்ச ஸ்தாயியைக் கொஞ்சம் மட்டுமே மழுக்கும், பாஸை ஒன்றும் செய்யாது. எலி, பூச்சிக்கு இடம், தீப்பிடித்தால் ஆபத்து.

இடவசதி இல்லை, ஷோகேஸ்தான் கதி என்றால் பெட்டியின் முகப்பு தட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே வரும்படி இழுத்து வையுங்கள். பெட்டியின் ஓட்டை பின்பக்கம் இருந்தால் அதில் பஞ்சு ஸ்பாஞ்சைத் தளர்வாகச் செருகுங்கள். பாஸ் குறையும், ஆனால் வார்த்தை கேட்கும்.

கேள்வி: வீட்டுக்கு வெள்ளையடித்தபோது ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி மாட்டினோம். அதிலிருந்து பாஸே இல்லை. பாடுபவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை.
– வாசகர், செங்கோட்டை

பதில்: ஒரு பெட்டியில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஒரு கூம்பு முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுப்பதால் பாஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஆம்பை அணைத்துவிட்டு ஏதாவது ஒரு பெட்டியில் மட்டும் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள். பாஸ் திரும்பினால் வேலை முடிந்தது. இரண்டு பெட்டியிலும் மாற்றினால் பழைய கோளாறே திரும்பி வரும்.

ஒயரில் நிறக்கோடு அழிந்துபோய் எது எதென்று தெரியவில்லையா? ஆம்ப் பக்கத்து நுனிகளைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். வூஃபர் (பாஸ் தரும் பெரிய கூம்பு) வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயர்தான் சிவப்பு. கழற்றிய கையோடு நுனிகளையும் பாருங்கள். சாரல் அடிக்கிற ஊரில் செம்பு சீக்கிரம் கறுத்துப்போகும். கறுத்த அரை அங்குலத்தை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி முறுக்கி மாட்டுங்கள். இழை ஒன்றுகூடப் பக்கத்து முனையைத் தொடக் கூடாது, தொட்டால் ஆம்பின் அவுட்புட் போய்விடும்.

ஒயரே மாற்றுவதானால் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். 5 மீட்டர் ஓட்டத்துக்குப் போகவர அதன் தடை 0.13 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை.

கேள்வி: கேபிள் செட்டாப் பாக்ஸிலிருந்து ஆம்புக்கு ஒயர் கொடுத்ததும் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். மொபைலில் பாட்டுக் கேட்டால் இல்லை. எர்த் பின்னை எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்கிறார் தெரிந்தவர்.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: எர்த் பின்னைத் தொடாதீர்கள். ஆம்புக்குள் ஒரு ஒயர் இன்சுலேஷன் விட்டு இரும்பு உடலைத் தொட்டால், எர்த் இல்லாத ஆம்பைத் தொடுபவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

சோதனை எளிது. செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் ஒயரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. கேபிளின் மேலுறை தெருவில் ஓரிடத்தில் எர்த் ஆகியிருக்கும், உங்கள் ஆம்ப் வீட்டில் எர்த் ஆகியிருக்கும். இரண்டு எர்த்துக்கும் உள்ள சிறு வோல்ட் வித்தியாசம் ஆடியோ ஒயரின் உறை வழியாக ஓடி 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாகக் கேட்கிறது. முதலில் டிவி, பாக்ஸ், ஆம்ப் மூன்றையும் ஒரே போர்டில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால், பாக்ஸிலும் ஆம்பிலும் ஆப்டிகல் துளை இருக்கிறதா பாருங்கள். ஒளி வழியே போகும் ஒலியில் இந்தத் தொல்லையே வராது. அதுவும் இல்லையென்றால் ஆடியோ ஒயரின் நடுவில் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று கிடைக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரை மாட்டுங்கள். மிக மலிவானவை பாஸைக் கொஞ்சம் தின்னும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

எல்லா ஒயரையும் கழற்றி, வால்யூமைச் சைபரில் வைத்த பிறகும் இரைச்சல் வந்தால் அது வேறு நோய். பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். இந்த இரைச்சல் 100 ஹெர்ட்ஸ், காதுக்குச் சற்றுக் கூர்மையாகப் படும். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அளவு அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய கேசட் டெக் இருக்கிறது. எல்லா கேசட்டும் கம்பளி போர்த்தியது போல மங்கலாகப் பாடுகின்றன. சில கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை.
– வாசகர், குலசேகரம்

பதில்: எல்லா கேசட்டும் ஒரே மாதிரி மங்கினால் குறை டெக்கில்தான். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டின் (டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் பகுதியின்) முகத்தையும், டேப்பை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் தண்டையும் துடையுங்கள். குச்சியில் பழுப்புக் கறை வருவது நிற்கும் வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், ரப்பர் இறுகிப் பளபளத்து டேப்பை வழுக்கவிடும். சோப்புத் தண்ணீர் ஈரம் பட்ட துணி போதும். நன்றாகக் காய்ந்த பிறகே கேசட் போடுங்கள்.

துடைத்தும் மங்கல் போகவில்லை என்றால் ஹெட் சாய்ந்திருக்கிறது. கேசட் டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடும். அந்த வேகத்தில் 10 ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் பிடிக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் கண்ணுக்குத் தெரியாத சாய்வே ட்ரெபிளை விழுங்கிவிடும். ஹெட்டின் இரு பக்கமும் திருகு இருக்கும், அடியில் ஸ்பிரிங் உள்ள திருகுதான் சாய்வைச் சரிசெய்வது. பெரும்பாலும் அதன் தலையில் பெயின்ட் பொட்டு இருக்கும். தொடுவதற்கு முன் திருகின் தலையிலும் பக்கத்திலும் பேனாவால் ஒரே கோடாகக் குறி போட்டுக்கொள்ளுங்கள். கம்பெனியில் பதிவான நல்ல கேசட்டை ஓடவிட்டு, ஆம்பில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்தி, காந்தம் ஏறாத சின்ன ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாக இரு பக்கமும் திருப்புங்கள். தாளம், சலங்கை ஒலி அதிகக் கூர்மையாகக் கேட்கும் இடம்தான் சரியான இடம். கால் சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால் நீங்கள் திருப்புவது தப்பான திருகு. முடிந்ததும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துப் பூட்டுங்கள். வீட்டில் பதிவு செய்த கேசட்டை வைத்து இதைச் செய்யாதீர்கள், அது பதிந்த டெக்கின் சாய்வுக்கே உங்கள் டெக்கும் போய்விடும்.

பூஞ்சை பிடித்த கேசட்டை அந்த டெக்கில் போடவே வேண்டாம், ஹெட் வழியாக நல்ல கேசட்டுக்கும் பரவும். மற்றவற்றை காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறும் ஜெல்லாக வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே காட்டும்.

கேள்வி: மொபைலிலிருந்து புளூடூத்தில் கேட்கிறேன். சத்தம் கூட்டினால் பிசிறடிக்கிறது. ஈக்வலைசரில் பாஸும் ட்ரெபிளும் உச்சத்தில் இருக்கின்றன. ஸ்பீக்கர் போய்விட்டதா?
– வாசகர், கம்பம்

பதில்: இன்னும் போகவில்லை, இப்படியே ஓட்டினால் ட்வீட்டர் போகும். பாஸை 10 டெசிபெல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப் 10 மடங்கு வாட் தர வேண்டும். 5 வாட்டில் பாடிக்கொண்டிருந்தது 50 கேட்கும். தர முடியாத ஆம்ப் அலையின் உச்சியை வெட்டும். அந்த வெட்டுத்தான் பிசிறு, ட்வீட்டரின் காயிலைச் சூடாக்குவதும் அதுதான். ஈக்வலைசரை முழுக்கச் சமமாக வையுங்கள், ஆம்பில் பாஸையும் ட்ரெபிளையும் தூக்கிவிடும் லவுட்னஸ் பொத்தானை அணையுங்கள், மொபைல் வால்யூமை உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டு ஆம்பில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். பாஸ் வேண்டுமென்றால் பெட்டியைச் சுவர் பக்கம் மூன்று நான்கு அங்குலம் தள்ளுங்கள். ஆம்புக்குச் சுமை ஏறாமல் பாஸ் கூடும்.

கேள்வி: வால்யூம் குமிழைத் திருப்பினால் ‘கரகர’. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போகுமா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: எண்ணெய் வேண்டாம். இரண்டு நாள் அமைதியாக இருக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கும். பிளக்கை உருவி, மூடியைக் கழற்றி, குமிழின் பின்னால் உள்ள சிறு இடுக்கில் ஒரு பீச்சு மட்டும் விட்டு, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இருபது முப்பது தடவை திருப்புங்கள். அரை மணி நேரம் காயவிட்டு ஆன் செய்யுங்கள். சில நாளிலேயே கரகரப்பு திரும்பினால் குமிழில் குற்றமில்லை. அதற்கு முன்னால் உள்ள கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்து குமிழுக்குள் டிசி வோல்ட்டை விடுகிறது, அதை மாற்றச் சொல்லுங்கள். மூடியைக் கழற்றும்போது பெரிய கெப்பாசிட்டர்களின் பக்கம் கை போகக் கூடாது, பிளக்கை உருவிய பிறகும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும்.