தினமும் எழுதப் பச்சை மை சரிப்பட்டு வருமா?

தினசரி எழுத்துக்குப் பச்சை மை தாங்குமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அடர்பச்சை என்றால் தாராளமாக வாங்கலாம். கிளிப்பச்சை வேண்டாம். புட்டியில் பார்க்க அதுதான் அழகு, ஆனால் ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு ராத்திரி டியூப்லைட்டில் வாசித்துப் பாருங்கள், கண் கூசும். பழுப்பேறிய நோட்டுத் தாளாக இருந்தால் எழுத்தே எடுபடாது.

எனக்கு வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டை. வேலை ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் கணக்கு. கூலிப் பதிவு, பழம் எடை, மழை அளவு எல்லாம் இன்னும் கையெழுத்துதான். அதனால் என் சோதனை எல்லாம் சாதா நீள நோட்டில்தான். வழவழப்பான வெளிநாட்டுத் தாளில் எந்த மையும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

தமிழில் எழுதுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது சுழியை. 'ண', 'ணை', 'லை' என்று நாலைந்து வரி எழுதுங்கள். மை பரவுகிற ரகமென்றால் அந்தச் சின்னச் சுழிகள்தான் முதலில் அடைபடும். மெய்யெழுத்தின் புள்ளி கொசு நசுங்கிய மாதிரி ஆகிவிடும். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கம் எழுத முடிகிறதா என்று பாருங்கள். நிறத்தை மட்டும் உடனே முடிவு செய்யாதீர்கள். ஈரத்தில் கரும்பச்சையாக இருப்பது காய்ந்தபின் வெளுக்கலாம், மறுநாள் பார்ப்பதே நிஜ நிறம்.

தண்ணீர் ஒரு சொட்டு விட்டு ஒற்றி எடுங்கள். பச்சை பல மைகளில் கலப்புச் சாயம் என்பதால் சிலது நீலமும் மஞ்சளுமாகப் பிரிந்து ஓடும். வரியை வாசிக்கிற அளவுக்குத் தடம் மிஞ்சினால் எனக்குப் போதும்.

ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகைப் பனிமூட்டத்தில் தாள் நமத்துப்போகும். சேலத்தில் ஒழுங்காக நின்ற அதே மை, அதே நோட்டில் அங்கே கசியும். குறை மையில் இல்லை, தாள் ஈரம் குடித்திருக்கிறது. அந்த மாதங்களில் மெல்லிய நிப்புக்கு மாறிவிடுவேன். (மலை ஏறும்போது பேனாவில் பாதி மை இருந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடிக்குள் மையைத் தள்ளும். நிறைய நிரப்பி, நிப்பு மேலே பார்க்க வையுங்கள்.)

'பச்சை மை கெஸட்டட் ஆபீசருக்குத்தானே?' என்று யாராவது கேட்பார்கள். மத்திய அரசுக் கோப்புகளில் இணைச் செயலாளரும் அதற்கு மேற்பட்டவர்களும்தான், அதுவும் அபூர்வமாக, பச்சையோ சிவப்போ பயன்படுத்தலாம் என்று அலுவலக நடைமுறைக் கையேட்டில் இருக்கிறது. உங்கள் சொந்த நோட்டை அது கட்டுப்படுத்தாது. பரீட்சைத் தாளுக்கு மட்டும் நீலமோ கறுப்போ வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் கேட்டால், பெலிகான் 4001 டார்க் கிரீன், டயமைன் ஷெர்வுட் கிரீன், பைலட் இரோஷிசுகு ஷின்-ரியோகு மூன்றும் அடர்பச்சை. கடைசியாகச் சொன்னது கொஞ்சம் நீலம் பக்கம் சாயும், கணக்குப் புத்தகத்தில் உறுத்தாது என்பதால் என் ஓட்டு அதற்கே. டயமைன் 30 மில்லியிலும் இரோஷிசுகு 15 மில்லியிலும் சின்னப் புட்டியாக வருகின்றன. முதலில் அதை வாங்கிப் பாருங்கள்.