சிகாகோவின் மெக்சிக்கக் கலை அருங்காட்சியகம் எவ்வாறு தோன்றியது?

இதைத் தொடங்கியவர்கள் செல்வந்தர்கள் அல்லர், பள்ளி ஆசிரியர்கள். மெக்சிகோவிலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த பில்சன் பகுதியில், தம் மரபுக் கலைக்கென ஓர் இடம் வேண்டும் என்று கருதிய கார்லோஸ் டோர்டொலெரோ, ஹெலன் வால்டெஸ் முதலானோர், 1982இல் வெறும் 900 டாலர் முதலுடன் இவ்வமைப்பை நிறுவினர். 1987இல்தான், ஹாரிசன் பூங்காவில் முன்பு படகுப் பட்டறையாக இருந்த கட்டடம் புதுப்பிக்கப்பட்டு, அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2001இல் அது விரிவடைந்தது. ‘தேசிய மெக்சிக்கக் கலை அருங்காட்சியகம்’ என்ற இன்றைய பெயர் 2006இல் வந்தது.

நுழைவுக் கட்டணம் தொடக்கம் முதலே இல்லை. என் பார்வையில் இதன் வேர்பிடிப்புக்கு அதுவே முதற்காரணம். ஆண்டுதோறும், மறைந்த உறவினரை மெக்சிக்கர் நினைவுகூரும் ‘இறந்தோர் நாள்’ கண்காட்சியில், செண்டுப்பூக்களும் மெழுகுவத்திகளும் மறைந்தோரின் படங்களும் அவர்கள் விரும்பிய உணவும் வைத்த படையல் மேடைகளைக் கலைஞர்களும் குடும்பத்தாரும் அமைக்கின்றனர்.