ஆசியப் பேய்ப் படங்களா, அவற்றின் அமெரிக்க ரீமேக்குகளா? எதை முதலில் பார்க்கலாம்?

மூலப்படத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சப்டைட்டில் படித்துப் படித்துப் பார்த்தால் பயம் போய்விடும் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள், அந்தக் கவலையே வேண்டாம். இந்தப் படங்களில் பயமுறுத்தும் இடங்களில் யாரும் பேசுவதே இல்லை. ஏன் மூலம் முதலில் என்பதைச் சொல்ல வேண்டுமானால் இரண்டு மூன்று படங்களின் முடிவைச் சொல்லியாக வேண்டும், பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் தலைகீழாகப் பார்த்தவன். கல்லூரி விடுதியில் யாரோ கொண்டுவந்த டிவிடியில் அமெரிக்க 'தி ரிங்' (2002) பார்த்துவிட்டு அன்றிரவு அறையில் நாலு பேரும் விளக்கை அணைக்கவில்லை. ஜப்பானிய 'ரிங்கு' (1998) பார்க்கக் கிடைத்தது நாலைந்து வருடம் கழித்துத்தான். முதல் அரைமணி நேரம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சாதாரண வீடு, சாதாரண வெளிச்சம், சாபக் கேசட்டில் இருக்கும் காட்சிகளும் கொஞ்சம்தான்: கண்ணாடி முன்னால் தலை வாரும் பெண், தலையில் துணி போர்த்திய ஒரு ஆள், ஒரு கிணறு. அமெரிக்கப் படத்தின் கேசட்டில் ஏணி, பூரான், நகத்துக்குள் இறங்கும் ஆணி என்று நிறைய இருக்கும். ஆனால் படம் முடிந்த பிறகு என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஜப்பானியப் படத்தின் கடைசி இரண்டு நிமிடங்கள். அமெரிக்கப் படம் கொடுத்த பயம் ஒரு வாரத்தில் போய்விட்டது, இது போகவில்லை.

அந்த இடத்தைச் சொல்கிறேன். இரண்டு படத்திலும் கதை ஒன்றுதான். கேசட்டைப் பார்த்தவர் ஏழு நாளில் சாவார், அதைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டினால் தப்பலாம். அம்மா தப்பிவிட்டாள், மகனும் பார்த்துவிட்டான், அவனைக் காப்பாற்ற வேண்டும். அமெரிக்கப் படத்தில் அம்மா மகனின் கையைப் பிடித்து ஒரு பிரதி எடுக்க வைக்கிறாள். இதைப் பார்க்கப்போகும் ஆளுக்கு என்ன ஆகும் என்று பையன் கேட்கிறான், அவள் பதில் சொல்லவில்லை, படம் முடிந்துவிடுகிறது. நல்ல முடிவுதான், ஆனால் சாகப்போவது யாரோ முகம் தெரியாத ஒருவர். 'ரிங்கு'வில் அம்மா ரெய்கோ காரை எடுத்துக்கொண்டு, தன் அப்பாவுக்குப் போன் போட்டு, ஒரு உதவி வேண்டும், பேரனுக்காக, என்கிறாள். அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் கார் போய்க்கொண்டே இருக்கிறது, எதிரே வானம் கறுத்துக் கிடக்கிறது. பிள்ளைக்காகப் பெற்றவரையே கொடுக்கப் போகிறாள், அந்தப் பெரியவரும் உண்மை தெரிந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார் என்று நமக்கே தோன்றும். எனக்கு உடனே என் தாத்தா ஞாபகம்தான் வந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த ஜப்பானியப் படங்களில் பயம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. அம்மா எதைக் கொடுத்துப் பிள்ளையை மீட்பாள் என்பதுதான் கேள்வி. ரீமேக்குகள் அதைவிட, பேய்க்கு என்ன வேண்டும், ஏன் இப்படி ஆனது என்ற துப்பறிதலில் அதிக அக்கறை காட்டுகின்றன.

அந்தத் துப்பறிதலை 'தி ரிங்' இயக்குநர் கோர் வெர்பின்ஸ்கி நன்றாகவே செய்திருக்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன். 'ரிங்கு'வில் முன்னாள் கணவருக்குத் தொட்டால் பழையது தெரியும் சக்தி இருப்பதால் பல முடிச்சுகள் சுலபமாக அவிழ்ந்துவிடும், நெருடலாகவே இருக்கும். அமெரிக்கப் படத்தில் அம்மாவாக வரும் நவோமி வாட்ஸ் ஒவ்வொரு தடயமாகத் தேடி அலைகிறார். படகில் குதிரை மிரண்டு ஓடிக் கடலில் விழும் காட்சி மூலத்தில் இல்லவே இல்லை, எனக்கு அந்தப் படத்திலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது, அப்புறம்தான் ஹாலிவுட் வரிசையாக ஆசியப் படங்களை வாங்க ஆரம்பித்தது.

ஆனால் 'ரிங்கு'வின் பேய் சடாகோவை அமெரிக்கப் படத்தில் சமாராவாக மாற்றியதில் ஒன்று போய்விட்டது. நீளமான கூந்தல் முகத்தை மறைக்க, வெள்ளை உடுப்போடு கிணற்றிலிருந்து வரும் பெண், ஜப்பானியர்களுக்குப் புதிய உருவம் இல்லை. அங்கே பிணத்துக்கு வெள்ளை உடுத்துவார்கள். 1825-இல் கபுகி என்ற ஜப்பானிய நாடக வடிவில் மேடையேறிய 'யோட்சுயா கைதான்' நாடகத்தில் கணவனால் துரோகம் செய்யப்பட்ட ஒய்வா, கிணற்றில் வீசப்பட்டு இரவில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை தட்டுகளை எண்ணிக்கொண்டே இருக்கும் வேலைக்காரி ஒகிகு, இப்படி ஒரு நீண்ட வரிசை உண்டு. ஹிமெஜி கோட்டையில் ஒகிகுவின் கிணறு என்றே ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள். அநியாயமாகச் செத்தவளின் வஞ்சம் அவளோடு சாகாது என்பது அந்த மரபு. நம் ஊரிலும் கிணற்றுக்கும் பெண்ணுக்கும் பேய்க்கும் உள்ள தொடர்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை, எங்கள் பாட்டி ஊரில் உச்சிவேளையில் ஒரு கிணற்றுப் பக்கம் எங்களை விடவே மாட்டார்கள். 'ரிங்கு'வில் ரெய்கோ கிணற்றுக்குள் இறங்கி, வாளி வாளியாகச் சேற்றுத் தண்ணீரை நிரப்பி அனுப்பி, கை மரத்துப்போய், கடைசியில் கிடைக்கும் மண்டையோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். பெற்ற பிள்ளையைத் தூக்குவது போல. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நமக்கும் தோன்றுகிறது. தீரவில்லை. அந்த அணைப்புக்கும் சடாகோ மசியவில்லை என்பதுதான் டிவிக்குள்ளிருந்து அவள் வெளியே வருவதைவிட எனக்குப் பயங்கரமாக இருந்தது.

அந்த டிவி காட்சியைப் பற்றி ஒரு விஷயம்: நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அந்த நடை முன்னால் வந்தாலும் தோளும் காலும் ஒன்றோடொன்று சேராமல் இருக்கிறது. செலவே இல்லாத வித்தை.

அடுத்து 'டார்க் வாட்டர்'. இயக்குநர் 'ரிங்கு' எடுத்த அதே ஹிடியோ நகாடா, மூலம் 2002, ரீமேக் 2005-இல் வால்டர் சாலஸ் எடுத்தது. உங்களுக்கு ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரம் என்றால் இந்த மூலத்தைத்தான் சொல்வேன். விவாகரத்து வழக்கில் இருக்கும் ஒரு அம்மா, ஐந்து ஆறு வயதுப் பெண் குழந்தை, ஒரு பழைய அடுக்குமாடி வீடு, கூரையில் ஒரு ஈரக் கறை, அது நாளுக்கு நாள் பெரிதாகிறது. நான் இதைப் பார்த்தபோது மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன், எங்கள் படுக்கையறைக் கூரையிலும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஓதம் அடித்து ஒரு வட்டம் இருந்தது, வீட்டுக்காரரிடம் மூன்று முறை சொல்லியும் ஆள் வரவில்லை. படம் பார்த்த பிறகு அந்த வட்டத்தைப் பார்க்காமல் தூங்க முடியவில்லை.

ரீமேக் மோசமில்லை, ஜெனிஃபர் கானலி உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார். ஆனால் கதை இடம் மாறும்போது என்ன உதிர்கிறது என்பதற்கு இதுதான் சரியான உதாரணம். ஜப்பானில் அப்போதைய சட்டப்படி விவாகரத்து ஆனால் பிள்ளையின் பொறுப்பு ஒருவருக்கு மட்டும்தான், இருவரும் சேர்ந்து பொறுப்பேற்க வழிவிடும் திருத்தமே 2024-இல்தான் நிறைவேறியது. ஆகவே மூலத்தின் அம்மா யோஷிமி ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனாலும், வேலைக்கான நேர்முகம் நீண்டுபோனாலும், நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. தோற்றால் மொத்தமாகத் தோற்பாள். கூட்டுப் பொறுப்பு என்று ஒரு வழி இருக்கும் நியூயார்க்குக்குக் கதையைக் கொண்டுபோனதும் அந்த இறுக்கம் தானாகத் தளர்ந்துவிடுகிறது.

முடிவையும் பாருங்கள். ரீமேக்கில் பேய்க்குழந்தை மகளைத் தண்ணீரில் அமுக்க, என் மகளை விடு, உனக்கு நான் அம்மாவாக இருக்கிறேன் என்று தாய் கெஞ்சி வாக்குக் கொடுக்கிறாள். பேரம் வெளிப்படையாக நடக்கிறது. மூலத்தில் அவள் மயங்கிக் கிடக்கும் மகளை வாரித் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் ஓடுகிறாள், பொத்தானை அழுத்துகிறாள், நிமிர்ந்து பார்த்தால் தூரத்தில் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு மகள் வருகிறாள். அப்படியென்றால் கையில் இருப்பது? அந்த ஒரு நொடி. கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குழந்தையை அவள் தள்ளிவிடவில்லை. நான்தான் அம்மா என்கிறாள். ஓடிவரும் சொந்த மகளைப் பக்கத்தில் வராதே என்று கண்ணாலேயே தடுக்கிறாள். லிஃப்ட் மேலே போகிறது, சின்னப் பெண் அழுதுகொண்டே படியேறி ஓடுகிறாள், மேலே கதவு திறந்தால் பழுப்புத் தண்ணீர் கொட்டுகிறது, உள்ளே யாரும் இல்லை. எழுதும்போதே தொண்டை அடைக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'ஜூ-ஆன்' (2002), அதன் ரீமேக் 'தி க்ரட்ஜ்' (2004) இரண்டும் தகாஷி ஷிமிஸு எடுத்தவை, பேய் கயாகோவாக நடித்தவரும் ஒருவரே, ஊரும் டோக்கியோவே. லிஃப்ட் ஏற ஏற ஒவ்வொரு மாடியிலும் ஒரு பேய்ச் சிறுவன் நிற்க, உள்ளே இருப்பவள் மட்டும் பார்க்காத காட்சி இரண்டிலும் உண்டு. ஆகவே ஒன்றைப் பார்த்தால் போதும், மொழி தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டவர்களின் தனிமை ரீமேக்கில் கூடுதலாகக் கிடைக்கிறது. கியோஷி குரோசவாவின் 'கைரோ' (2001) பார்த்தால் அதன் ரீமேக் 'பல்ஸ்' (2006) பக்கம் போகவே வேண்டாம். 'கைரோ'வில் ஒரு பெண் பேய் அறையின் மூலையிலிருந்து மெதுவாக நடந்து வருகிறது, நடுவில் கால் மடங்கி விழப்போவது போல் சரிந்து, திரும்ப நிமிர்ந்து வருகிறது, அவ்வளவுதான், கேமரா அவசரப்படவே இல்லை. ரீமேக்கில் எந்தப் பேயையும் நின்று பார்க்க விடவில்லை, வெட்டி வெட்டிக் காட்டுகிறார்கள். கொரியாவின் 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' (2003) அங்கே பலமுறை படமான சிற்றன்னைக் கொடுமை நாட்டுக்கதையிலிருந்து வந்தது, 'தி அன்இன்வைட்டட்' (2009) அதிலிருந்து திருப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. தாய்லாந்தின் 'ஷட்டர்' (2004) தமிழில் 'சிவி' (2007) ஆக வந்ததைப் பார்த்திருந்தால் கடைசி அதிர்ச்சி உங்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும், பரவாயில்லை, தோளில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே பார்த்தாலும் மூலம் நடுங்கவைக்கிறது.

வரிசை கேட்டீர்கள், என் வரிசை: முதலில் 'டார்க் வாட்டர்' மூலம், அடுத்து 'ரிங்கு', அதற்கு ஒரு வாரம் கழித்து அமெரிக்க 'தி ரிங்', அப்புறம் 'கைரோ'. போனில் பார்க்காதீர்கள், இந்தப் படங்களில் பேய் பெரும்பாலும் திரையின் ஓரத்திலோ பின்னாலோ சின்னதாக நிற்கும், அது உங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.