எலும்பு மருத்துவம் தச்சு வேலையா?

கேள்வி: மருத்துவப் படிப்பை முடிக்கப்போகும் என் மகன், எலும்பு அறுவை மருத்துவத்தில்தான் நிபுணராவேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். சுத்தியல், துளைக்கருவி, திருகாணி என்று தச்சர் செய்கிற வேலைதானே அது, இருதயப் பக்கம் போனால் மதிப்பும் வருமானமும் கூடுமே என்கிறார்கள் உறவினர்கள். இந்தத் துறையில் எத்தனை ஆண்டுகளில் அவன் கைநிறையச் சம்பாதிப்பான்? (செந்தூல் வாசகர்)

பதில்: உங்கள் கேள்வியில் மகனின் விருப்பத்துக்கு ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது, மற்றவை உறவினர்களுக்கும் வருமானத்துக்கும் போய்விட்டன. வருமானத்தை முதலில் முடித்துவிடுவோம். பட்டம் பெற்றபின் 2 ஆண்டு ஹவுஸ்மன் பயிற்சி (மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் பல பிரிவுகளில் செய்யும் கட்டாயப் பணி), பிறகு அரசு மருத்துவமனையில் மருத்துவ அதிகாரியாகச் சில ஆண்டுகள், அதன்பின் இடம் கிடைத்தால் மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றில் 4 ஆண்டு முதுநிலைப் பயிற்சி என்று பார்த்தால், நிபுணர் என்ற பெயர் வரும்போது அவனுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். 2016 டிசம்பர் முதல் மலேசிய அரசு புதிய மருத்துவர்களை ஒப்பந்த முறையில் எடுக்கத் தொடங்கியது. நிரந்தரப் பணியும் மேற்படிப்பு வாய்ப்பும் கேட்டு, பெருந்தொற்றின் நடுவே, 2021 ஜூலை 26 அன்று அந்த இளம் மருத்துவர்கள் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவமனை வாசல்களில் வந்து நின்றதை நீங்களும் படித்திருப்பீர்கள். சீக்கிரம் பணம் பார்க்க வேண்டுமென்றால் இந்தத் துறை அதற்கு ஏற்றதல்ல.

அடுத்து, தச்சு வேலை. கைத்திறனைக் குறைவாகப் பேசுவது நம்மிடையே இன்னும் போகவில்லை என்பது எனக்கு வருத்தமே. இன்று உலகெங்கும் செய்யப்படும் இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு வழிவகுத்த இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி, வீட்டிலேயே கடைசல் இயந்திரம் வைத்து உலோகத்தைக் கடைந்து பார்த்தவர். ஆனால் அவர் வாழ்க்கையில் உங்கள் மகன் அறிய வேண்டியது அதைவிடப் பெரியது. 1950களின் பிற்பகுதியிலிருந்து சுமார் 300 நோயாளிகளுக்கு அவர் தெஃப்லான் என்ற வழுக்கும் பிளாஸ்டிக்கால் ஆன கிண்ணம் பொருத்திய செயற்கை மூட்டுகளை வைத்தார். வலியில்லாமல் நடந்து வீடு திரும்பியவர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே கிண்ணம் தேய்ந்து, தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவையும் எலும்பையும் கெடுத்தன. சார்ன்லி அதை மறைக்கவில்லை. அந்த நோயாளிகளை மீண்டும் அழைத்து மறு அறுவை செய்தார். தெஃப்லானைத் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டு, உடல் அதை எப்படி எதிர்க்கிறது என்று பார்த்து, முடிவை வெளியிட்டார். அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன், சார்ன்லி வேண்டாமென்று ஒதுக்கிய பாலியெத்திலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக்கை, தேய்மானத்தைச் சோதிக்கும் பொறியில் தானாகவே ஓட்டிப் பார்த்ததால்தான் சரியான பொருள் அகப்பட்டது. 1962 நவம்பரில் அதை நோயாளிக்குப் பொருத்தத் தொடங்கிய பிறகும், தன்னிடம் வந்து முறையாகக் கற்காத மருத்துவர்களுக்கு அந்த மூட்டு கிடைக்காதபடி சில ஆண்டுகள் கட்டுப்படுத்தி வைத்திருந்தார்.

நான் உங்களுக்குச் சொல்ல வருவது இதைத்தான்: எலும்பு அறுவை மருத்துவரின் தகுதி, தையல் போட்ட அன்று தெரிவதில்லை. பத்து ஆண்டு கழித்து அந்த நோயாளி எப்படி நடக்கிறார் என்பதில் தெரிகிறது. தான் வைத்த மூட்டு பழுதாகித் திரும்பி வரும் மனிதரை முகம் சுளிக்காமல் எதிர்கொள்ளும் மனம் அவனுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளில் இந்தப் பிரிவின் படுக்கைகளை நிரப்புகிறவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர். மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடை எலும்பு முறிந்த இளைஞர்களும், சர்க்கரை நோயால் கால் புண்ணாகிப் போனவர்களும்தான். 2019 தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று கண்டது. இனவாரியாகப் பார்த்தால் விகிதம் இந்தியர்களிடையேதான் அதிகம். உணர்ச்சி மரத்துப்போன காலோடு பத்துமலைக்கு வெறுங்காலில் போய்வந்தவருக்கு, சுடுதாரில் கொப்புளம் கிளம்பியதே தெரியாது. வாரங்கள் கழித்து வார்டில் கட்டைப் பிரிக்கும்போது பெருவிரல் கறுத்திருக்கும், சீழ் வாடை அடிக்கும், இளம் மருத்துவர் கையுறை விரலால் புறங்காலை அழுத்தி எதுவரை சதை உயிரோடிருக்கிறது என்று பார்ப்பார். பிறகு அவர் அருகில் அமர்ந்து, விரலோடு நிறுத்தலாமா, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமா என்பதை அந்த மனிதரிடமும் அவர் மனைவியிடமும் சொல்ல வேண்டும். சொல்கிறவர் தமிழில் சொன்னால், அந்த அம்மாள் தயங்காமல் நான்கு கேள்வி கேட்பார். மதிப்பு எங்கே என்று கேட்டீர்களே, அங்கே இருக்கிறது.

ஹவுஸ்மன் பயிற்சியில் எலும்புப் பிரிவில் 4 மாதம் எல்லாரும் பணியாற்ற வேண்டும். அந்த வார்டில் இரவுப் பணி முடித்து வந்த பிறகும் உங்கள் மகன் இதையே கேட்டால், தடுக்காதீர்கள்.