வருடா வருடம் ஒரே தீவுக்கு, ஒரே கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இருக்கிறீர்களா? அங்கே நடந்த சிரிப்பான சம்பவங்கள் என்ன?

இருக்கிறோம். எங்கள் தீவு ராமேஸ்வரம். மே மாத லீவு விட்டால் மொத்தக் குடும்பமும் அங்கேதான்.

வெளியில் கேட்பவர்களுக்கு ஏதோ ஒற்றுமையான குடும்பம் போலத் தெரியும். உண்மையில் ஆளுக்கு ஒரு ராமேஸ்வரம். அப்பத்தாவுக்கு அது யாத்திரை. அப்பாவுக்கு பாம்பன் பாலம். சித்தப்பாவுக்கு மீன். அத்தைக்கு 22 தீர்த்தம். பிள்ளைகளுக்குக் கடல். அம்மாவுக்கு மட்டும் ஈரத்துணி.

முதல் கூத்து பாலத்தில். இரவு ரயிலில் போவோம். மண்டபம் ஸ்டேஷன் வந்தால்தான் கடல், ஆனால் அப்பா பரமக்குடியிலேயே எல்லோரையும் எழுப்பிவிடுவார். பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போகும். அந்த வேகத்துக்கு ஏற்றபடி அவர் ஒரு சொற்பொழிவு தயார் செய்து வைத்திருந்தார். 1914-ல் திறந்தது, இந்தியாவின் முதல் கடல் பாலம், கப்பல் வந்தால் நடுப்பகுதியை ஆட்கள் கையால் சுற்றித் திறப்பார்கள் என்று எதிர் சீட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும். பிள்ளைகள் தூண்களை எண்ண வேண்டும். எங்கள் எண்ணிக்கை ஒருமுறைகூட ஒத்துப்போனதில்லை. அப்பத்தா மட்டும் கண்ணை இறுக மூடி ராமா ராமா என்பார். "கண்ணைத் திறந்து பாரும்மா, எவ்ளோ அழகா இருக்கு" என்றால், "நீ பாலத்தைப் பாத்துக்க, நான் ராமரைப் பாத்துக்கறேன்" என்று பதில் வரும்.

2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு வேனில், பக்கத்து ரோடு பாலம் வழியாகப் போனோம். அப்பா வழி நெடுக ஜன்னலில் முகத்தை வைத்தபடி, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பழைய பாலத்தையே பார்த்துக்கொண்டு வருவார். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். அருமையான வேலை. ஆனால் ரயில் முன்பைவிட வேகமாகப் போகிறது. அப்பா 1914-ஐ முடிப்பதற்குள் பாம்பன் ஸ்டேஷன் வந்துவிட்டது. "என்னத்த பாலம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்தது தீர்த்தம். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முதலில் அக்னி தீர்த்தம் என்கிற கடலில் முங்கிவிட்டு, சொட்டச் சொட்டக் கோவிலுக்குள் போக வேண்டும். உள்ளே 22 தீர்த்தங்கள், பெரும்பாலும் கிணறுகள். கிணற்று மேட்டில் நிற்பவர் கயிறு கட்டிய வாளியை விட்டு, இறைத்து, கீழே நிற்கும் கும்பலின் தலையில் ஊற்றுவார். அவருக்கு அது தினசரி வேலை. ஊற்றும்போது நம் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். முன்வரிசையில் நிற்பவருக்கு முழு வாளி, பின்னால் நிற்பவருக்கு நாலு துளி.

எங்கள் சித்தப்பா நல்ல ஆகிருதி. எங்கே நின்றாலும் முன்வரிசை அவர்தான். அவருக்குப் பின்னால் மாட்டிய அத்தை, "எனக்கு விழல, இன்னொரு வாளி ஊத்துங்க" என்று அடம் பிடிப்பார். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். ஊற்றுபவர் பேசாமல் இன்னொரு வாளி எடுத்து நேராக அத்தை தலையில் கவிழ்ப்பார். மூச்சு முட்டி, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து, "இப்பதான் விழுந்துச்சு" என்று அத்தை திருப்தியாக நகர்வார். இப்படி உபரி வாளிகளையும் சேர்த்தால் அத்தை ஆடிய தீர்த்தம் கணக்கிலேயே வராது.

ஒரு வருடம் பாதியில் சந்தேகம் வந்துவிட்டது. சங்கு தீர்த்தம் ஆச்சா, இல்லையா? ஆச்சு என்று அப்பா, ஆகல என்று அத்தை. பெரியப்பா நடுவராக வந்து, "ஒண்ணு விட்டாலும் பலன் போயிடும்" என்று எண்ணெய் ஊற்றினார். அந்த நீளப் பிரகாரத்தில், குளிரில் பல் கிட்ட, மொத்தக் கும்பலும் திரும்பி நடந்தோம். போன இடத்தில் வாளிக்காரர் சித்தப்பாவைப் பார்த்ததும் சொன்னார்: "நீங்க இப்பதானே வந்துட்டுப் போனீங்க." அந்த உருவத்தை யார் மறப்பார்? அத்தை அசரவில்லை. "வந்தது வந்துட்டோம், ஊத்துங்க."

ஈரத்துணியோடு சன்னதிக்குப் போகக் கூடாது. மாற்றுத்துணி மூட்டையோடு அம்மா வெளியே காத்திருப்பார். ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு செட் துணி, ஒரு திட்டு.

சித்தப்பாவின் மீன் கதை தனி சோகம். தீர்த்தம் ஆடுகிறவரை கவுச்சி கூடாது என்பது அப்பத்தா சட்டம். சரி, ஆடிய பிறகு? "தீர்த்தம் ஆடின உடம்பு, இன்னைக்கு ஒரு நாள் சும்மா இரு." மறுநாள் சாயங்காலம் ரயில். ஆக அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு மதியச் சாப்பாடு. அந்த மதியத்திலும் விதி விளையாடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிடும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வருவதுதான் மீன், அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும். துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிப் போட்ட படகுகளைச் சித்தப்பா வெறித்துப் பார்ப்பார். "தீவுக்கு வந்து சாம்பார் சாதம் சாப்பிடுற ஒரே குடும்பம் நம்மதான்டா." பள்ளிக்கூட லீவும் தடைக்காலமும் ஒன்றாக வருவதை அவர் தனக்கு எதிரான சதியாகவே எடுத்துக்கொண்டார்.

தனுஷ்கோடிக்கு இப்போது கார் தீவின் நுனியான அரிச்சல்முனை வரை வழுக்கிக்கொண்டு போகிறது. 2017-ல் ரோடு வருவதற்கு முன் மூன்றாம் சத்திரத்தில் இறங்கி, மணலிலும் தண்ணீரிலும் போகிற வேனைப் பிடிக்க வேண்டும். குலுங்குகிற குலுக்கலில் அப்பாவின் தலை கூரையில் இடிக்கும். சிக்கிக்கொண்டால் டிரைவர், "ஆம்பளைங்க எல்லாம் இறங்குங்க" என்பார். இறங்கித் தள்ளுவார்கள். சித்தப்பா இறங்கியதும் பாதி வேளை வேன் தானாகவே கிளம்பிவிடும். வருடா வருடம் அந்த வேனைச் சபித்த அதே அப்பாதான் இப்போது, "ரோடு போட்டுக் கெடுத்துட்டாங்க, த்ரில்லே இல்ல" என்கிறார்.

1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியைப் பார்த்தவர் எங்கள் வீட்டில் அப்பத்தா மட்டும்தான். கல்யாணமான புதிதில் தாத்தாவோடு போயிருக்கிறார். அப்போது ரயில் அதுவரை போகும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இடிந்த தேவாலயத்தையும் ஸ்டேஷன் சுவர்களையும் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். பிறகு ஒரு மேட்டைக் காட்டி, "இங்கதான் உங்க தாத்தா எனக்கு இட்லி வாங்கிக் குடுத்தாரு" என்பார். அந்த மேடு வருடா வருடம் மாறும். நாங்கள் யாரும் திருத்துவதில்லை.

டிரைவர்கள் தென்பக்கக் கடலை ஆண் கடல், வடபக்கத்தைப் பெண் கடல் என்பார்கள். மே மாதத்தில் தென்பக்கம் ஆர்ப்பரிக்கும், வடபக்கம் குளம்போலக் கிடக்கும். ஒருமுறை அரையாண்டு லீவில் போனோம். வாடைக்காற்றில் எல்லாம் தலைகீழ்: தெற்கு சாது, வடக்கு கொந்தளிப்பு. அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "பாத்துக்கங்க" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும் ரயில் ஒன்றைச் சொல்லாவிட்டால் வீட்டில் சண்டை வரும். மானாமதுரை தாண்டியதும் பெட்டி முழுக்க ஒரு நாற்றம். முதல் சந்தேகம் சித்தப்பாவின் சாக்ஸ் மேல். கழற்றி முகர்ந்து நிரூபித்தார். அடுத்தது என் தங்கை, சிப்பி பொறுக்குகிறவள். அவள் பையை பெர்த்தில் கொட்டிக் கவிழ்த்து, அழ வைத்து, சிப்பியெல்லாம் ஜன்னல் வழியே போன பிறகும் நாற்றம் குறையவில்லை. கடைசியில் அம்மா மோப்பம் பிடித்து அப்பத்தாவின் மஞ்சப்பையைத் திறந்தார். உள்ளே கைக்குட்டையில் சுற்றிய ஒரு சங்கு. அதன் சொந்தக்காரர் உள்ளேயே செத்துக் கிடந்தார்.

அப்பத்தா பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "சாமி ரூமுக்குன்னு எடுத்தேன். சாமிக்குன்னு எடுத்தது எப்படிடி நாறும்? அவன் சாக்ஸை இன்னொரு தடவை பாரு."