கோலாலம்பூர் போகிறேன்: மலாய் கற்பதா, கான்டனீஸ் கற்பதா?

கேள்வி: மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் அடுத்த மாதம் கோலாலம்பூர் போகிறேன். கணக்குப் பிரிவில் வேலை. உடன் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் தங்களுக்குள் கான்டனீஸ்தான் பேசுவார்களாம். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். மலாய், கான்டனீஸ் இரண்டிலும் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது என்கிறார்கள். அப்படியானால் இரண்டையும் சேர்த்தே கற்றுவிடலாமா?

பதில்: சேர்த்துக் கற்க வேண்டாம். மலாயைப் பேசத் தொடங்குங்கள். கான்டனீஸை முதல் ஆறு மாதம் காதால் மட்டும் கேளுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். ‘மாக்கான்’ என்றால் மலாயில் உண்பது. நேற்று உண்டாலும் நாளை உண்ணப்போனாலும் அதே ‘மாக்கான்’தான். முடிந்துவிட்டது என்று காட்ட முன்னால் ‘சூடா’ வரும். கான்டனீஸில் உண்பது ‘சிக்’. முடிந்தது என்பதற்குப் பின்னால் ‘சோ’ வரும். நலம் விசாரிப்பதுகூட ஒரே அச்சு. மலாய்க்காரர் ‘சூடா மாக்கான் பெலும்?’ என்பார், கான்டனீஸ்காரர் ‘சிக் சோ ஃபான் மேய்?’ என்பார். இரண்டுக்கும் பொருள், சாப்பிட்டாயிற்றா, இன்னும் இல்லையா என்பதே. ‘பெலும்’, ‘மேய்’ இரண்டும் ‘இன்னும் இல்லை’. இத்தனைக்கும் இவை உறவு மொழிகள் அல்ல. மலாயின் சொந்தங்கள் மடகாஸ்கரிலிருந்து ஹவாய் வரை கடலெங்கும் சிதறிக் கிடக்கின்றன. கான்டனீஸ் தென்சீனத்தின் குவாங்டொங் பக்கத்து மொழி, சீன-திபெத்தியக் குடும்பம்.

இந்த ஒற்றுமையை நம்பி இரண்டுக்கும் ஒரே உழைப்பு போதும் என்று நினைத்தால்தான் சிக்கல். மலாயில் கடினம் சொல்லின் கட்டுமானத்தில் இருக்கிறது. கான்டனீஸில் அது தொண்டையில் இருக்கிறது.

மலாயில் தமிழருக்குச் சில சலுகைகள் உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் ‘கித்தா’, விலக்கினால் ‘காமி’. நாம், நாங்கள் என்று பிரித்தே வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ‘திடாக்’, ‘புக்கான்’ என்ற இரண்டு மறுப்புகளும் ஏறக்குறைய நம் இல்லை, அல்ல. சொற்களிலும் பழைய உறவு தெரியும். கடைப் பலகைதோறும் ‘கெடாய்’ என்று இருக்கும், அது நம் கடைதான். ‘காப்பால்’ கப்பல், ‘பெத்தி’ பெட்டி, ‘காத்தில்’ கட்டில். ‘கோலாம்’ என்றால் மட்டும் வாசலைத் தேடாதீர்கள், அது குளம்.

மலாயின் வேலை ஒட்டுகளில் தொடங்குகிறது. ‘ஆஜார்’ என்ற ஒரே வேரிலிருந்து கற்பது, கற்பிப்பது, மாணவர், பாடம் எல்லாம் முளைக்கும். இங்கே ஒரு கண்டிப்பான ஆலோசனை: மலாயைத் தமிழ் எழுத்தில் குறித்துப் படிக்காதீர்கள். கற்பது என்ற சொல்லும் மாணவர் என்ற சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பெலாஜார்’. முதல் எழுத்தின் ப ஒலியில் ஒன்று ‘பந்து’வில் வருவது, மற்றது ‘பஸ்’ஸில் வருவது. இரண்டு என்பதும் கிழடு என்பதும் நம் எழுத்தில் ஒரே ‘துவா’ ஆகிவிடும். இரண்டு காப்பி கேட்கப் போய்க் கிழட்டுக் காப்பி கேட்டவர்கள் உண்டு. மலாய் ரோமன் எழுத்தில்தான் எழுதப்படுகிறது. உங்களுக்குப் புதிதாக எழுத்துப் படிக்க ஒன்றுமில்லை.

கான்டனீஸுக்கு வருவோம். ‘சீ’ என்ற ஒரே அசையை ஆறு சுருதியில் சொன்னால் கவிதை, வரலாறு, முயற்சி, நேரம், சந்தை, காரியம் என்று ஆறு சொல். தாழ்ந்த சுருதியிலிருந்து மேலே இழுத்து ‘மாய்’ என்றால் வாங்குவது. தாழ்ந்தே நிறுத்தினால் விற்பது. கணக்குப் பிரிவில் இருப்பவர் இதில் தவறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் சுருதி உணர்ச்சிக்கு மட்டும். கேள்வி கேட்டால் கடைசியில் குரலை ஏற்றுவோம், கோபம் வந்தால் முதலிலேயே ஏற்றுவோம். அந்தப் பழக்கத்தோடு கான்டனீஸ் பேசினால் ஒவ்வொரு கேள்வியிலும் கடைசிச் சொல்லின் பொருள் மாறிவிடக்கூடும். ஆறு மாதம் கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

கேட்கும்போது எண்களிலிருந்து தொடங்குங்கள். ஐந்து என்பது உயிரே இல்லாத வெறும் ‘ங்’. அரிச்சுவடியில் ஒப்பித்துவிட்டுக் கைவிட்ட எழுத்து அங்கே தனியாக ஒரு சொல்லாக நிற்கிறது. நான் என்பதும் ‘ஙோ’. நான்கும் சாவும் ஒரே ‘சேய்’, சுருதி மட்டும் வேறு. பல கட்டடங்களின் லிஃப்டில் 4-க்குப் பதிலாக 3ஏ இருப்பதற்குக் காரணம் அதுவே.

நேரக் கணக்கையும் பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர் அலுவல் அளவுக்குத் தேற மலாய்க்கு ஏறத்தாழ 830 முதல் 900 வகுப்பு மணி, கான்டனீஸுக்கு 2200 மணி என்று வைத்திருக்கிறது. உங்கள் ஒரு மணி நேரத்தில் முதலாவது இரண்டேகால் முதல் இரண்டரை ஆண்டு, அடுத்தது ஆறு ஆண்டு. ஒப்பந்தமோ மூன்று ஆண்டு. தமிழ் தெரிந்தவருக்கு மலாய் இன்னும் சீக்கிரம் வரும் என்பது என் எண்ணம்.

தவிர, மலாய் நாடு முழுவதும் செல்லும். அதுதான் தேசிய மொழி, அரசு அலுவலகத்தின் மொழி. கான்டனீஸ் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் கைகொடுக்கும். பினாங்குக்கு மாற்றினால் அங்கே சீனர் வீட்டு மொழி பெரும்பாலும் ஹொக்கியேன் என்ற வேறொரு சீன மொழி. சீனப் பள்ளிகள் கற்பிப்பது மாண்டரின். ஆகவே கான்டனீஸுக்காகச் சீன எழுத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

மலாயில் ‘நீ’ என்பதற்குச் சொல் தேடி அலைய வேண்டாம். மூத்தவரை ஐயா, அம்மா என்ற பொருளில் ‘ஏஞ்சே’, ‘புவான்’ என்றோ, பழகிய பின் அண்ணன், அக்காள் என்ற பொருளில் ‘ஆபாங்’, ‘காக்கா’ என்றோ அழையுங்கள். நம் ஊர் வழக்கம்தான்.

‘பொக்காய்’ என்ற சொல்லை மட்டும் அளந்து பேசுங்கள். மலாய் நண்பர் மாதக் கடைசியில் அப்படிச் சொன்னால் கையில் காசில்லை என்று சிரிக்கிறார். அது வந்தது கான்டனீஸிலிருந்து. அங்கே அதன் நேர்ப்பொருள் தெருவில் விழு என்பது. சீன நண்பரிடம் சொன்னால் வசவு.